முதுமையும் ஆக்கப் பணியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கியபோது எங்களில் பெரும்பாலோர் நடுவயதினர். அலுவலகம் முடிந்தும் கழனி வேலை முடிந்தும் வந்து, தெருவிளக்கின் கீழே பாயை விரித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னோம். அப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இம்மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கிறார்கள். நாங்களோ மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே மேடை ஏறியிருக்கிறோம். 'முதுமையும் ஆக்கப் பணியும்' என்று விழாக் குழுவினர் எங்களுக்குத் தலைப்புக் கொடுத்தபோது, எங்களுள் ஒருவர், "முதலில் முழங்கால் வலிக்கு வழி சொல்லுங்கள், ஆக்கப் பணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அச்சிரிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. அதிலிருந்தே எங்கள் உரையைத் தொடங்குகிறோம்.

முதுமை எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. 10 வயதில் நாற்றங்காலில் இறங்கிய பெண்ணுக்கு 45 வயதிலேயே இடுப்பு வளைந்துவிடுகிறது. செங்கல் சூளையில் மண் மிதித்தவருக்கும், தோல் பதனிடும் தொட்டியில் நின்றவருக்கும், சாக்கடையில் இறக்கப்பட்டவருக்கும் உடல் முன்கூட்டியே தளர்ந்துவிடுகிறது. ஆகவே, முதுமையில் ஓவியம் வரையுங்கள், இசை பயிலுங்கள் என்று வசதி படைத்தோர் வீட்டு முதியவருக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே நம் சேரிக்குக் கொண்டுவந்து சொல்ல முடியாது. நம் முதியவர்களில் பலருக்கு இன்றும் கூலிக்குப் போனால்தான் கஞ்சி. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு முதுமையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இன்னொரு பக்கத்தையும் காணவேண்டும். கல்வியாலும் இட ஒதுக்கீட்டாலும் அரசுப் பணிக்குச் சென்ற முதல் தலைமுறையினர் இப்போது ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார்கள். நம் மாநிலத்தில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் 15, 20 ஆண்டுகள் வாழக்கூடிய உடல்நலம் அவர்களில் பலருக்கு இருக்கிறது. தம் தந்தைக்கும் தாத்தனுக்கும் கிடைக்காத இரண்டு பொருள்கள், அதாவது எழுத்தறிவும் ஓய்வு நேரமும், அவர்களுக்கு ஒருங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால் என்ன நடக்கிறது? திண்ணையில் செய்தித்தாள், மாலையில் தொலைக்காட்சி, இடையில் மருந்து மாத்திரை என்று நாள்கள் கழிகின்றன. உழைத்து ஓய்ந்தவரும் பேசுவதில்லை. ஓய்வூதியம் பெறுபவரும் பேசுவதில்லை. இந்த இரண்டு மௌனங்களும் சேர்ந்து நமக்கு இழைக்கும் இழப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

இழப்பு என்று ஏன் சொல்கிறோம்? நம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்தவை ஏராளம். கணக்கர் எழுதினார், ஆட்சியர் எழுதினார், பாதிரியார் எழுதினார். நம்மைப் பற்றி நாமே எழுதியவை அவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்தக் குறைவான எழுத்திலும் ஒரு பெரும் பகுதி, நம் முன்னோர் தம் இறுதிக் காலத்தில், உடல் தளர்ந்த பின்னர் எழுதியது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பண்டிதர் அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். அவர் 1845இல் பிறந்தவர், சித்த மருத்துவர். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். 1907 ஜூன் மாதம் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 62. இந்தியரின் சராசரி ஆயுள் 30 ஆண்டுகளைக்கூட எட்டாத காலம் அது! சுற்றத்தார் பலர், இனி ஓய்ந்திருக்கலாமே என்று சொல்லக்கூடிய வயதில் அவர் அச்சு இயந்திரத்தோடும் கடன்காரரோடும் சந்தா நிலுவையோடும் போராடத் துணிந்தார். மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கிய அவ்விதழில் 'இந்திரர் தேச சரித்திரம்', 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்' ஆகிய பெருந்தொடர்களை எழுதினார். வாசகர் வினாக்களுக்கு விடை தந்தார், அரசியல் பேசினார், மருத்துவம் சொன்னார். திருக்குறளுக்கு எழுதத் தொடங்கிய உரை முற்றுப்பெறுமுன்னரே 1914 மே மாதம் மறைந்தார். இன்று நாம் அயோத்திதாசர் சிந்தனை என்று போற்றுவதில் பெரும் பகுதி அவருடைய வாழ்வின் கடைசி 7 ஆண்டுகளின் விளைச்சல். 60 வயதில் அவர் ஓய்ந்திருப்பாரானால், ஒரு நல்ல மருத்துவர் வாழ்ந்தார் என்ற அளவில் அவர் கதை முடிந்திருக்கக்கூடும்.

அடுத்து, திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியவர். வசையாக வீசப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாகச் சூட்டிய துணிவு அது. பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்ட மன்றத்தில் கொண்டுவந்தபோதே அவர் அறுபதைக் கடந்தவர். 70 வயதளவில் கடல் கடந்து, அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அதன் பிறகும் ஒரு வேலை எஞ்சியிருப்பதாக அவர் கருதினார். எண்பதை நெருங்கிய வயதில் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலை எழுதினார். அது 1939இல் வெளிவந்தது.

அந்நூலில் அவர் தம் பட்டங்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கோயம்புத்தூரில் படித்த காலத்தை நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 400 மாணவர் படித்த அவ்விடத்தில் ஏறக்குறைய 10 பேர் தவிர மற்றவர் அனைவரும் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் யாரோடும் நெருங்கிப் பழகவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே இருந்து படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும், உடன் படிப்பவர் எவரும் எட்டிப் பிடித்து ஊரையும் உறவையும் கேட்டுவிடாதபடி விரைந்து வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாத ஏக்கம் அவருடைய நெஞ்சில் இருந்தது. வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த ஒரு பெருந்தலைவரின் உள்ளே, விளையாட முடியாமல் நின்ற ஒரு சிறுவன் 60 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்கிறான்! அந்த முதியவர் எழுதியதால் அச்சிறுவனை நாம் அறிகிறோம். எழுதாமல் போன முதியவர்களோடு எத்தனை சிறுவர்கள், எத்தனை சிறுமியர் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உடல் நலிவைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். அதற்கும் விடை சொன்ன பெரியோர் உண்டு. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் புனே நகரில் பள்ளி திறந்த மகாத்மா சோதிராவ் பூலே, 1888இல் பக்கவாதத்தால் தாக்குண்டார். வலப்பக்கம் செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். 'சார்வஜனிக் சத்ய தர்ம' என்று தொடங்கும் அவருடைய இறுதி நூல் அந்த இடக்கையால் எழுதி முடிக்கப்பட்டது. 1890இல் அவர் மறைந்தார். 1891இல் நூல் வெளிவந்தது. வலக்கை போனது என்று வருந்தாதவரா அவர்? வருந்தியிருப்பார். வருந்திக்கொண்டே இடக்கையைப் பழக்கினார் என்பதுதான் நமக்குப் பாடம்.

அண்ணல் அம்பேத்கர் நீண்ட முதுமையைக் காணவில்லை; 65 வயதிலேயே பிரிந்துவிட்டார். ஆனால் நீரிழிவும் மூட்டு வலியும் கால்களின் தளர்ச்சியும் அவரை முன்னதாகவே முதியவராக்கிவிட்டன. அந்த உடல்நிலையில்தான் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் பெருநூலை எழுதினார்; 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முந்தைய இரவும் அந்நூலின் முன்னுரைத் தாள்கள் அவருடைய படுக்கை அருகே இருந்தன. நூல் 1957இல் அச்சாகி வந்தது. வெளியிட்டது எது தெரியுமா? அவர் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தைச் சேர்ந்த சித்தார்த்தா கல்லூரி. ஒரு முதியவர் விட்டுச் சென்ற பணியை ஒரு கல்விக் கழகம் முடித்துக் கொடுத்தது. நம்முடையதும் ஒரு கல்விக் கழகம்தான் என்பதால் இச்செய்தியை இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

'இவர்கள் எல்லாம் பெரும் படிப்புப் படித்தவர்கள். கைநாட்டு வைக்கும் எங்கள் ஆத்தாவுக்கு இதில் என்ன பங்கு?' என்று இங்கே ஓர் இளைஞர் நினைக்கலாம். புதுச்சேரியை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த வீரம்மா என்னும் தாய், கழனிக் கூலி, பிள்ளைப்பேறு பார்த்தவர், பாட்டுக் கட்டிப் பாடுபவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் வாழ்க்கையை அவர் பல ஆண்டுகள் சொல்லச் சொல்ல, ஜோசியான் ரசீன் என்னும் ஆய்வாளர் பதிவு செய்தார். அது 1995இல் பிரெஞ்சு மொழியிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்து, கடல் கடந்த நாடுகளிலும் படிக்கப்பட்டது. வீரம்மா ஒருவர்தானா நம்மிடையே இருக்கிறார்? நம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீரம்மா இருக்கிறார். உட்கார்ந்து கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நம் தாய்மார்கள் அறிந்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் ஏட்டில் இல்லாதவை. நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவுப் பாட்டுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது திண்ணையில் படுத்திருக்கிறது. பறையைப் பற்றியும் ஒரு சொல். சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து, மானம் கருதிப் பறையைக் கீழே வைத்த பெரியவர்களை நாங்கள் அறிவோம். அவர்கள் செய்தது சரியே. இன்று அதே பறையை மேடையில் தலைநிமிர்ந்து முழக்கும் பிள்ளைகளையும் காண்கிறோம். இவர்கள் செய்வதும் சரியே. ஆனால் தோலை எந்த அளவு அனலில் காய்ச்ச வேண்டும், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் எங்கே எப்படி விழவேண்டும் என்பதை அந்தப் பெரியவர்தான் அறிவார். கை நடுங்கினாலும் அவர் வாயால் அடியைச் சொல்லித் தர முடியும். அடிமைத்தனத்தை அவர் தூக்கி எறிந்தார், கலையை எறியவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நினைவும் ஒரு செல்வம் என்பதற்கு மற்றொரு சான்று சொல்வோம். 1892இல் சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்க வழக்காடுவோர் அலுவலக ஆவணங்களைத் தேடுகிறார்கள், தேடத்தான் வேண்டும். ஆனால் எந்த வரப்புக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றை யார் வெட்டினார், எந்தப் பஞ்சத்தில் எந்தக் கடனுக்காக நிலம் போயிற்று என்பது ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த நினைவு சொல்லாகி, சொல் எழுத்தானால், ஆவணத்தை எங்கே தேடுவது என்பதற்காவது வழி கிடைக்கும்.

'வயதான பிறகு புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது' என்பது நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கு. அறிவியல் அறிஞர்கள் சொல்வது வேறு. வயது ஏற ஏறப் பெயர்கள் நாவுக்கு வரத் தாமதமாகின்றன. புதியதைக் கற்கும் வேகமும் குறைகிறது. ஆயினும் சொல்வளமும், அனுபவத்தால் பெற்ற அறிவும் 60 வயதைத் தாண்டியும் நிலைத்து நிற்கின்றன. மெதுவாகக் கற்பது வேறு. கற்க முடியாமை வேறு. கண் மங்கினால் புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. காது மந்தமானால் அருகில் அமர்ந்து உரக்கப் பேசுங்கள். உடலின் குறைகளுக்கு ஆன மருத்துவத்தைச் செய்துகொள்வது ஆக்கப் பணியின் முதற்படி என்று, முழங்கால் வலிக்காரருக்கும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம்.

இனி எங்களைப் பற்றியே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். முதியவர்களாகிய எங்களிடம் ஒரு நோய் இருக்கிறது. ஆக்கப் பணியைவிட அதிகாரப் பணி எங்களுக்குப் பிடித்துப் போய்விட்டது. 25 ஆண்டுகளாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பதவிகள் எங்களுக்குள்ளேயே சுற்றிவருகின்றன. கூட்டத்தில் ஓர் இளம்பெண் எழுந்து கணக்குக் கேட்டால், "உன் வயது என் அனுபவம்" என்று உட்கார வைத்திருக்கிறோம். அது அனுபவம் அன்று, அச்சம். நாற்காலி போனால் நமக்கு மதிப்பு ஏது என்ற அச்சம். அந்த அச்சம் தீரவேண்டுமானால் நாற்காலி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு வேலை நமக்கு வேண்டும். அயோத்திதாசருக்குப் பேனா இருந்தது. இரட்டைமலையாருக்கு நினைவு இருந்தது. செய்வதற்கு வேலை உடைய முதியவர் பதவியைப் பற்றிக்கொண்டு தொங்கமாட்டார். ஆதலால் இந்த மேடையிலேயே அறிவிக்கிறோம்: வருகின்ற பொதுக்குழுவில் எங்களில் ஒருவரும் எப்பதவிக்கும் போட்டியிட மாட்டோம். இரவுப் பள்ளியின் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் ஊரின் கதையை எழுதப் போகிறோம்.

எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, பேணவும் வேண்டும். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பட்டு, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்தப் பழைய 'தமிழன்' இதழ்கள் செல்லரிக்காமல் தப்பியது எப்படி? அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்துத் தம் வீடுகளில் காத்து வந்தார்கள். பழைய தாள்கள் என்று எடைக்குப் போட்டிருந்தால் ஒரு நூற்றாண்டின் அறிவு பொட்டலக் காகிதமாகப் போயிருக்கும். எழுத வராத முதியவர் காப்பாளராக இருக்கலாம். பழைய கடிதம், துண்டறிக்கை, ரசீது, நிழற்படம், நில வரிச் சீட்டு எதுவாயினும் நம் நூலகத்திற்குக் கொண்டுவாருங்கள். பின்புறத்தில் யார், எப்போது, எங்கே என்று எழுதிக் கொடுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் நாங்கள் வேண்டுவது பெரிதன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ஒரு நோட்டுப் புத்தகம். ஆளுக்கு ஒரு முதியவரை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் உள்ள கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம், பிறகு எழுதலாம். 'உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார். 'முதன்முதலில் வாங்கிய கூலி எவ்வளவு? அதில் என்ன வாங்கினீர்கள்? பள்ளிக்கூடம் போனீர்களா? எந்த வகுப்பில், எதனால் நின்றீர்கள்? டீக்கடையில் உங்களுக்கு எந்தக் குவளை?' என்று கேளுங்கள். அவர் சொல்வது அப்படியே இருக்கட்டும். உங்கள் விருப்பப்படி திருத்தாதீர்கள். அழுதால் நிறுத்துங்கள். வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள். எழுதியதைத் திரும்ப அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தம் சொல் எழுத்தாக நிற்பதைக் காதால் கேட்கும் முதியவரின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

முதியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருமையை மட்டும் சொல்லாதீர்கள். பட்ட அவமானத்தையும் சொல்லுங்கள். நாம் பிறருக்கும், நம் வீட்டுப் பெண்களுக்கும் செய்த தவறுகளையும் சொல்லுங்கள். இளையவர் குறுக்கே கேள்வி கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். 'அந்தக் காலம்போல் வருமா' என்ற பல்லவியை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் நாம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். அது திரும்பி வரவேண்டாம். அது நடந்தது என்பது மட்டும் மறக்கப்படாமல் இருக்கட்டும்.

அன்புடையீர், ஆலமரத்திற்கு வயதானால் அடிமரம் உள்ளீடு அற்றுப்போவதுண்டு. அப்போதும் அது சாய்வதில்லை. அது விட்ட விழுதுகள் மண்ணில் ஊன்றி மரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. விழுது விடும் வேலை எங்களுடையது. ஊன்றி நிற்கும் வேலை உங்களுடையது. இக்கழகத்தின் பொன்விழா மலர் வெளிவரும் நாளில் எங்களில் பலர் இருக்கமாட்டோம். ஆனால் அம்மலரின் பக்கங்களில், இன்று பேசாமல் படுத்திருக்கும் நம் பாட்டிமார் பாட்டன்மாரின் குரல்கள் அவரவர் பெயரோடு இடம்பெற்றிருக்க வேண்டும். அதற்கான முதல் நோட்டுப் புத்தகம் அதோ நம் நூலக மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அதன் முதல் பக்கத்தை எழுதித் தொடங்குவோம்.